இரைச்சலுக்குள் ஒரு மெட்டு: அண்டர்கிரவுண்ட் எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்குக் காதைப் பழக்குவது

"பாட்டு எப்பதான்டா ஆரம்பிக்கும்?"

ஹெட்போனை மாட்டிவிட்டு நாலு நிமிடம் கழித்து நண்பன் கேட்டான். பாட்டு ஆரம்பித்தும் நாலு நிமிடம் ஆகியிருந்தது. கிண்டலுக்குக் கேட்கவில்லை. இதெல்லாம் முன்னோட்டம், இரைச்சல் அடங்கியதும் யாராவது பாடத் தொடங்குவார்கள் என்று பாவம் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான்.

அவன்மேல் தப்பே இல்லை. நாம் பாட்டுக் கேட்டுப் பழகிய விதம் அப்படி. குரல் முன்னால் வரும், வாத்தியங்கள் அதற்குப் பின்னால் துணைக்கு நிற்கும். குரலைப் பிடித்துக்கொண்டால் பாட்டைப் பிடித்த மாதிரி. கனத்த கிட்டார் ஓசை கொண்ட ஹெவி மெட்டல் என்ற ராக் வகையின் மிக முரட்டுக் கிளைதான் எக்ஸ்ட்ரீம் மெட்டல். அதில் குரலைத் தேடிப் போனால் உறுமல்தான் கிடைக்கும். மெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. நம் காது வழக்கமான வாசலில் போய் நின்று, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிடுகிறது. பின்கதவு திறந்துதான் கிடக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இரைச்சலைச் சகித்துக்கொள்ளும் பயிற்சி எதுவும் இதில் கிடையாது. சகித்துக்கொண்டு கேட்க வேண்டிய இசை என்று உலகத்தில் எதுவும் இல்லை.

எது எக்ஸ்ட்ரீம், எது அண்டர்கிரவுண்ட்

1980-களின் தொடக்கத்தில் ஹெவி மெட்டல் பெரிய மேடைகளுக்குப் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்து வெனம் என்ற மூவர் குழு 1981-இல் 'வெல்கம் டு ஹெல்', 1982-இல் 'பிளாக் மெட்டல்' என்று இரண்டு ஆல்பங்களை இறக்கியது. வாசிப்பு சுமார், ரெக்கார்டிங் அதைவிடச் சுமார். ஆனால் அந்த முரட்டுத்தனத்தைக் கேட்ட பதின்வயதுப் பையன்கள் பலருக்கு, 'இதையே இன்னும் முரட்டுத்தனமாகச் செய்தால் என்ன' என்று தோன்றிவிட்டது. ஸ்வீடனில் க்வார்தன் என்ற புனைபெயரோடு ஒருவர் பாத்தரியை நடத்தினார். ஸ்விட்சர்லாந்தில் ஹெல்ஹாமர் என்ற குழு தோன்றி, சீக்கிரமே செல்டிக் ஃப்ராஸ்ட் ஆக மாறியது. கலிஃபோர்னியாவின் பொஸெஸ்ட் 1985-இல் 'செவன் சர்ச்சஸ்' வெளியிட்டது. அதிலுள்ள ஒரு பாட்டின் பெயரே 'டெத் மெட்டல்'. பிரேசிலின் பெலோ ஒரிசான்டே நகரத்தில் சார்கோஃபாகோ 1987-இல் 'ஐ.என்.ஆர்.ஐ.' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத இந்தக் கூட்டம்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

அதிலிருந்து கிளைகள் பிரிந்தன. கனமான, தாழ்ந்த சுருதியில் முறுக்கி முறுக்கிப் போவது டெத் மெட்டல். மெல்லிய, குளிர்ந்த, கீச்சென்ற ஓசையோடு ஒரு சூழலை எழுப்புவது பிளாக் மெட்டல். பங்க் என்ற வேகமான, எளிமையான ராக் இசையோடு கலந்து எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் சுருக்கியது கிரைண்ட்கோர். பர்மிங்ஹாமின் நேபாம் டெத் 1987-இல் வெளியிட்ட 'ஸ்கம்' ஆல்பத்தில் 28 பாட்டுகள். அதில் ஒன்று 1.316 நொடி மட்டுமே ஓடும், உலகின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது. எதிர்த்திசையில், ஆமை வேகத்தில் நகர்ந்து அந்த மெதுவாலேயே அழுத்துவது டூம். இந்த எல்லைகளைப் பற்றி ரசிகர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். புதிதாக வருபவர் அந்தப் பஞ்சாயத்தில் உட்காரவே வேண்டாம்.

அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை. அது ஒரு ஓசையின் பெயர் இல்லை, இசை கைமாறிய வழியின் பெயர். வானொலி போடாது, கடையில் கிடைக்காது. ஆகவே குழுக்கள் தாங்களே டெமோ என்ற மாதிரி கேசட்டைப் பதிவு செய்து, தபாலில் அனுப்பின. வாங்கியவர் அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார், அவர் இன்னொரு நாட்டுக்கு. ஜெராக்ஸ் போட்ட கையடக்கப் பத்திரிகைகளில் முகவரிகள் இருக்கும். தபால்தலை மீது சோப்போ பசையோ தடவி அனுப்புவது அன்றைய பிரபலமான தந்திரம். முத்திரை மை அதன் மேலேயே தங்கிவிடும், கழுவிவிட்டு அதே தலையைத் திருப்பி ஒட்டலாம். தபால்துறைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்!

இந்த வரலாற்றுக்கும் நீங்கள் கேட்கப்போகும் ஓசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரதியின் பிரதியின் பிரதியாக வந்த கேசட்டில் ஒவ்வொரு தடவையும் ஸ் என்ற இரைச்சல் கூடும், உச்ச ஓசைகள் மங்கும். ஒரு தலைமுறைக் கலைஞர்களின் காது அந்த மங்கலான ஓசையிலேயே வளர்ந்தது. பின்னாளில் அவர்களில் சிலர் ஸ்டூடியோவுக்குப் போனபோது, பளபளவென்ற ஓசை அவர்களுக்கு அந்நியமாகவே பட்டது.

குரலை விட்டுவிடுங்கள்

முதல் வேலை இது. முதல் இரண்டு மூன்று தடவை கேட்கும்போது குரலில் சொல்லைத் தேடாதீர்கள். சொற்களின் அர்த்தத்தை அது கடத்தும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது? நம் தொண்டையில் பேசவும் பாடவும் பயன்படும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே, பொய்க் குரல்நாண்கள் என்று இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. சாதாரணமாக அவை சும்மா இருக்கும். மூச்சைக் கட்டுப்படுத்தி அவற்றை அதிரவைத்தால், ஸ்வரம் குறைந்து கரகரப்பு கூடிய ஓசை வரும். பயிற்சி இல்லாமல் வெறுமனே கத்தினால் ஒரே வாரத்தில் தொண்டை போய்விடும். முப்பது ஆண்டுகளாக மேடை மேடையாக உறுமுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அங்கே ஏதோ நுட்பம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தக் குரலை ஒரு தாள வாத்தியமாகக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் நிறுத்துகிறது, ஒரு அசையை எவ்வளவு நீட்டுகிறது என்று கவனியுங்கள். ஃபுளோரிடாவின் ஒபிச்சுவரி 1989-இல் வெளியிட்ட 'ஸ்லோலி வி ராட்' ஆல்பத்தில் ஜான் டார்டி பல இடங்களில் சொற்களே இல்லாமல் வெறும் ஓசையாகத்தான் பாடியிருக்கிறார். வரிகளைத் தேடி அலைபவர் அங்கே ஏமாந்து போவார். வலியில் முனகும் ஒரு மிருகமாகக் கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ஃபின்லாந்தின் டெமிலிச் 1993-இல் கொண்டுவந்த 'நெஸ்பிதே' ஆல்பத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. குரல் உறுமல் என்ற நிலையையும் தாண்டி, ஏப்பம் மாதிரி, ஆழ்கிணற்றில் குமிழி வெடிக்கிற மாதிரி இருக்கும். குரலில் எந்த மின்னணுக் கருவியும் பயன்படுத்தவில்லை என்று ஆல்பத்திலேயே குறிப்பு போட்டிருந்தார்கள். முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். எனக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு, அந்தக் குரலுக்குக் கீழே கிட்டார்கள் நெளிந்து நெளிந்து போடும் கோலத்தைக் கேளுங்கள்.

ரிஃப்தான் இங்கே பாட்டு

குரலை விட்டால் எதைப் பிடிப்பது? கிட்டார் ரிஃபை.

ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு கிட்டார் துணுக்கு. சாதாரணப் பாட்டில் பல்லவி, சரணம் என்று கட்டமைப்பு இருக்கும். டெத் மெட்டலில் பெரும்பாலும் ரிஃப்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒரு பாட்டில் எட்டு, பத்து ரிஃப் கூட வரும், சில ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கு' என்று சொல்பவரை, 'இப்போது ரிஃப் மாறும்போது கையைத் தூக்கு' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது பாட்டுக்குள் சரியாகத் தூக்கிவிடுவார். அவர் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மதிப்பு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே குறுக்கே வருவது வேகம். ட்ரெமலோ பிக்கிங் என்றொரு வாசிப்பு முறை உண்டு, ஒரே தந்தியை மேலும் கீழுமாக விடாமல் தட்டுவது. நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நாலு முறை தந்தியை மீட்டினால், நொடிக்கு 13-க்கும் மேல் ஆகிறது. சீராக வரும் தட்டல்கள் நொடிக்குச் சுமார் 20-ஐத் தாண்டினால் மனிதக் காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்பதை விட்டு, ஒரே ஸ்வரமாக இழைத்துவிடும். ஆக, 13 என்பது அந்த விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கும் எண். பாதி தட்டல், பாதி நீண்ட ஸ்வரம். வயலினில் வில்லை இழுத்த மாதிரி ஒரு நடுக்கமான இழை.

டிரம்ஸிலும் இதே கதை. பிளாஸ்ட் பீட் என்பது ஸ்னேர் என்ற கூர்ஓசை டிரம், காலால் அடிக்கும் கிக் டிரம், சிம்பல் என்ற உலோகத் தட்டு மூன்றையும் இடைவெளி இல்லாமல் பொழிவது. நேபாம் டெத்தின் டிரம்மர் மிக் ஹாரிஸ்தான் அந்தப் பெயரைப் பரப்பியவர். புதிதாகக் கேட்பவர் ஒவ்வொரு அடியையும் எண்ணப் பார்ப்பார், மூச்சு முட்டும், ஓடிவிடுவார். மழை பெய்யும்போது துளிகளை யாராவது எண்ணுகிறோமா? பிளாஸ்ட் பீட்டையும் மழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் எது மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள்.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது நார்வேயின் டார்க்த்ரோன் 1994-இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தில். தலைப்புப் பாட்டு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த நேரம் பூராவும் டிரம்ஸ் கிட்டத்தட்ட ஒரே தாளத்தில், ஆச்சரியக்குறியே இல்லாத வாக்கியம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். திருப்பம் இல்லை, அதிரடி இல்லை. முதலில் எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. ஒரு நாள் வேறு வேலை பார்த்துக்கொண்டே குறைந்த சத்தத்தில் ஓடவிட்டிருந்தேன். டிரம்ஸ் தானாகவே பின்னால் போய்விட்டது. கிட்டார் மட்டும் மிஞ்சியது. அப்போது கேட்டது, கை அத்தனை வேகமாக மீட்டும்போதும் மெட்டு மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்வரத்தில் நின்று, யோசித்து, அடுத்ததற்கு இறங்கி, திரும்பவும் பழைய இடத்துக்கே வரும் ஒரு தாலாட்டு மாதிரியான சோகம். அந்த மெட்டை வாய்விட்டு முனகலாம். புல்லாங்குழலில் வாசித்தால் யாரும் இதை மெட்டல் என்றே சொல்லமாட்டார்கள்.

வேகமான கை, மெதுவான மெட்டு. பிளாக் மெட்டலில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். இது தெரிந்த பிறகு அதே ஆல்பம் வேகமான இசையாகவே எனக்குக் கேட்பதில்லை.

ஸ்வரச் சேர்க்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிட்டார் ஓசையைச் சிதைத்து முரடாக்கினால் மூன்று நாலு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுகள் குழம்பி சகதியாகிவிடும். அதனால் ராக், மெட்டல் கிட்டாரிஸ்ட்கள் ச-வையும் ப-வையும் மட்டும் சேர்த்து வாசிப்பார்கள், அதற்குப் பவர் கார்டு என்று பெயர். நார்வேக்காரர்கள் வேண்டுமென்றே மைனர் என்ற சோகச் சாயல் கொண்ட முழு கார்டுகளை அந்தச் சிதைவுக்குள் தள்ளினார்கள். குழம்பத்தான் செய்தது. அந்தக் குழப்பத்திலிருந்து, யாரும் வாசிக்காத ஸ்வரங்கள் ஆவி மாதிரி மேலே எழும்பின. பிளாக் மெட்டலில் தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி ஒரு பிரமை வந்தால் அதற்குக் காரணம் இதுதான், உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை.

ரெக்கார்டிங் ஏன் இப்படி?

இதுதான் அதிகம் பேரை விரட்டும் விஷயம், எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட. நாலு ஊர், நாலு ஓசை.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் சன்லைட் என்ற ஸ்டூடியோ, தோமாஸ் ஸ்கோக்ஸ்பெரி என்ற ரெக்கார்டிங் கலைஞர். அங்கே என்டூம்ட் என்ற குழு 1990-இல் வெளிவந்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு டிஸ்மெம்பர் 'லைக் ஆன் எவர்ஃபுளோயிங் ஸ்ட்ரீம்' ஆல்பத்தை. இரண்டிலும் கிட்டார் ஓசை மரம் அறுக்கும் இயந்திர வாளாக இருக்கும். ரகசியம் பாஸ் நிறுவனத்தின் ஹெச்.எம்.-2 என்ற சிறிய கால்மிதி எஃபெக்ட் பெட்டி. அதில் நாலு திருகிகள், நாலையும் கடைசி வரை திருகிவிட்டார்கள். எந்தப் பொறியாளரும் 'அப்படிச் செய்யாதே' என்று சொல்லும் காரியம். 1983-இல் வந்த அந்தப் பெட்டி 1991-இல் உற்பத்தியே நின்றுபோனது. அந்த ஓசையைத் தேடிய இளைஞர்கள் பழைய பெட்டிகளுக்கு அலைந்து அலைந்து, கடைசியில் 2020-இல் நிறுவனமே அதைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டது.

ஃபுளோரிடாவின் டாம்பாவில் மோரிசவுண்ட் ஸ்டூடியோ. அங்கே ஓசை நேர்த்தி, வெட்டு வெட்டாகத் துல்லியம். டெத், மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி என்ற குழுக்கள் எல்லாம் அந்த வாசலில் நுழைந்தவர்கள். இரட்டை கிக் டிரம் தடதடக்கும்போது ஒவ்வொரு அடியும் 'டிக்' என்ற கூர்மையோடு கேட்கும். அந்தக் கூர்மை இல்லாவிட்டால் அந்த வேகத்தில் எல்லாம் ஒரே உருட்டலாகிவிடும்.

நார்வேயின் பெர்கனில் க்ரீக்ஹாலன் என்ற கச்சேரி மண்டபம், செவ்வியல் இசைமேதை க்ரீக்கின் பெயரைத் தாங்கியது. மேஹெம் 1994-இல் வெளியிட்ட 'டி மிஸ்டீரீஸ் டோம் சதானாஸ்' அங்கே பதிவானது. டிரம்ஸில் அந்தப் பரந்த வெளி அப்படியே கேட்கும்.

நாலாவது இடம் ஒரு வீடு. டார்க்த்ரோனின் ஃபென்ரிஸ் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, நாலே தடங்களில் பதியும் 4 டிராக் கருவியில் பதிவு செய்தார். குரல் மட்டும் நாக்டர்னோ கல்டோவுடையது. வசதி இல்லாமல் அப்படிச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதே குழு, மூன்று ஆண்டு முன்பு, 1991-இல் வெளிவந்த தங்கள் முதல் ஆல்பமான 'சோல்சைட் ஜர்னி'யை அதே சன்லைட் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. நுட்பமான, நேர்த்தியான டெத் மெட்டல். சுத்தமாக வாசிக்கவும் பதிவு செய்யவும் தெரிந்தவர்கள், அடுத்த ஆல்பத்திலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரடுமுரடான பாதையில் இறங்கினார்கள். அது ஓவியர் வண்ணத்தை விட்டுக் கரித்துண்டை எடுப்பது மாதிரி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோசமான ரெக்கார்டிங் எல்லாமே கலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறுமனே மோசமானவைதான் அதிகம். அண்டர்கிரவுண்ட் என்ற பெயரை முட்டுக்கொடுத்து நிற்கும் சோம்பல் ஆல்பங்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. வித்தியாசம் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். இந்த ஆல்பத்தை மனதுக்குள் சுத்தமான ஓசையில் ஓட்டிப் பார்ப்பேன். ஏதாவது நஷ்டமானால் அந்த அழுக்கு வேலை செய்கிறது. எதுவும் நஷ்டமாகாவிட்டால் அது வெறும் அழுக்கு.

ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்பது

இந்த இசையில் பிளேலிஸ்ட் அவ்வளவாக உதவாது. ஓசை, அட்டை, பாட்டு வரிசை எல்லாம் சேர்ந்து ஒரே உலகம். ஸ்வீடிஷ் வாளுக்கு அடுத்து நார்வே மூடுபனி, அடுத்து ஃபுளோரிடாத் துல்லியம் என்று மாறி மாறி வந்தால், காது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக வேண்டும். பழகி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். நல்ல வேளையாக இவற்றில் பல 40 நிமிடத்துக்குள் அடங்குபவை.

அட்டையையும் பாருங்கள். 'லெஃப்ட் ஹேண்ட் பாத்', மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்', டிஸ்மெம்பரின் முதல் ஆல்பம், மூன்றுக்கும் வரைந்தவர் ஒரே ஆள், டான் சீக்ரேவ். உற்றுப் பார்த்தால் மூலை முடுக்கெல்லாம் ஏதோ நெளியும். படிக்கவே முடியாத லோகோக்களுக்கும் ஒரு ஞாயம் உண்டு. மரவேரும் முள்ளும் பின்னிக்கொண்ட மாதிரி எழுத்துகள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஸ்பாய்டெல் இதிலேயே பேர் வாங்கியவர், எம்பரர் குழுவின் லோகோ அவர் கைவண்ணம். அதை எழுத்தாக வாசிக்க முயல்வதும் உறுமலில் சொல் தேடுவதும் ஒன்றுதான். உருவமாகப் பாருங்கள், மறுமுறை கண்டவுடன் அடையாளம் தெரியும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' என்பேன். அதன் தலைப்புப் பாட்டு முன்பாதி முழுக்க அடித்து நொறுக்கிவிட்டு, திடீரென்று வேகத்தைக் கீழே போட்டுவிடும். ஒரு பழைய திகில் படத்தின் இசையிலிருந்து எடுத்த மெட்டு மெதுவாக, கண்ணீர் மாதிரி இறங்கும். அந்தத் திருப்பத்தில் பலர் தலையை நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். முன்பாதியின் அடி இல்லாமல் பின்பாதியின் சோகம் எடுபடாது, இரண்டையும் சேர்த்தேதான் கேட்க வேண்டும்.

அடுத்து 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்', 1989. பீட் சாண்டோவலின் டிரம்ஸுக்காகவே ஒரு தடவை, கிட்டார் ரிஃப்களுக்காக இன்னொரு தடவை. பிறகு கலிஃபோர்னியாவின் ஆட்டாப்ஸி 1991-இல் வெளியிட்ட 'மென்டல் ஃபியூனரல்'. டிரம்ஸ் வாசித்துக்கொண்டே உறுமும் கிறிஸ் ரைஃபர்ட், டெத் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். இங்கே வேகம் முக்கியமில்லை. பாட்டு தள்ளாடும், வழுக்கும், சேற்றில் கால் புதைந்த மாதிரி நிற்கும், எழுந்து ஓடும். எனக்கு இந்த மொத்த இசைவகையிலும் மிக நெருக்கமான ஆல்பம் இதுதான். ஏன் என்று கேட்டால் உருப்படியாக ஒரு பதில் சொல்லத் தெரியாது.

அதன் பிறகு கொஞ்சம் இருட்டு வேண்டுமென்றால் இன்கான்டேஷனின் 'ஆன்வர்ட் டு கோல்கதா', 1992. கிரெய்க் பில்லர்டின் குரல் குரலாகவே இருக்காது, குகையின் காற்று மாதிரி. பிளாக் மெட்டல் பக்கத்துக்குப் போக பாத்தரியின் 1987 ஆல்பம் 'அண்டர் தி சைன் ஆஃப் தி பிளாக் மார்க்', அங்கிருந்து டார்க்த்ரோன். நேரே டார்க்த்ரோனுக்குப் போவதைவிட பாத்தரி வழியாகப் போனால், நார்வேக்காரர்கள் எதைப் பார்த்து இப்படி ஆனார்கள் என்பது காதுக்கே விளங்கும்.

சத்தத்தைக் குறைத்து வையுங்கள். இதைப் பலர் நம்பமாட்டார்கள். அதிக சத்தத்தில் டிரம்ஸும் சிம்பலும் எல்லாவற்றையும் மூடிவிடும், காது சீக்கிரம் களைத்துப்போகும். களைத்த காதுக்கு எல்லாமே ஒரே இரைச்சல். மிதமான சத்தத்தில் ரிஃப்கள் தனித்தனியாகத் துலங்கும். காதும் பல வருஷத்துக்கு உழைக்கும்.

முதல் தடவை கேட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மறுநாள் ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை. மூன்றாவது சுற்றில் உங்களை அறியாமல் ஒரு ரிஃபை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள். காத்திருந்தது வந்தால் அந்த ஆல்பம் உங்களுக்குத் திறந்துவிட்டது. மூன்று தடவைக்குப் பிறகும் எதற்கும் காத்திருக்கவில்லை என்றால் அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

கழுவ முடியாத கறை

இந்த இசையைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. டெத் மெட்டலின் பிணங்களும் புழுக்களும் பெரும்பாலும் திகில்கதைச் சரக்கு, பேய்ப்படம் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்வேயின் கதை வேறு. 1992-இல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழமையான மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது, மேலும் பல தேவாலயங்கள் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றவர் புர்சும் என்ற ஒற்றையாள் குழுவை நடத்திய வார்க் விகெர்னஸ், 21 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர். 'டி மிஸ்டீரீஸ்' ஆல்பத்தில் கொல்லப்பட்டவரின் கிட்டாரும் கொன்றவரின் பேஸும் ஒன்றாக ஒலிக்கின்றன. தெரிந்த பிறகு அதைத் தெரியாத மாதிரி கேட்க முடியாது.

நான் மேலே அவ்வளவு புகழ்ந்த 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' கூட சுத்தமில்லை. அதில் நாலு பாட்டுக்கு வரிகள் எழுதியது அதே விகெர்னஸ். முதல் பதிப்பின் பின்னட்டையில் 'நார்வே ஆரிய பிளாக் மெட்டல்' என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது.

'கலை வேறு, கலைஞன் வேறு' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை. நான் வைத்திருக்கும் கோடு எனக்கு மட்டுமானது. இன்றும் வெறுப்பைப் பரப்பிக்கொண்டிருப்பவருக்குக் காசு போகும் ஆல்பத்தை வாங்கமாட்டேன், அடுத்தவருக்குச் சிபாரிசும் செய்யமாட்டேன். இளவயது மடத்தனத்தைத் தாண்டி வந்தவர்களை, அந்த மடத்தனத்தையும் சேர்த்துச் சொல்லியே பகிர்வேன். உங்கள் கோடு வேறு இடத்தில் விழலாம். எங்கேயாவது விழ வேண்டும் என்று மட்டும் சொல்வேன். பேர் தெரியாத ஒரு பிளாக் மெட்டல் குழு பிடித்துப்போனால், வாங்குவதற்கு முன் அவர்கள் யார், என்ன பேசுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள்.

எனக்கே திறக்காத ஒன்று

எல்லாம் பிடிபட்டவன் மாதிரி இவ்வளவு எழுதிவிட்டேன். கனடாவின் க்யூபெக்கைச் சேர்ந்த கோர்கட்ஸ் 1998-இல் வெளியிட்ட 'ஆப்ஸ்கியூரா' பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வகையின் சிகரங்களில் ஒன்று என்று நான் மதிக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓடும். கிட்டார்கள் கிறீச்சிடும், முனகும், தாளம் நிற்க இடம் தேடி அலையும், ஒரு பாட்டில் வயலினின் பெரிய அண்ணனான வியோலா வேறு வந்து கலக்கும். குழுத் தலைவர் லுக் லெமே முறையாக இசையமைப்பு படித்தவர், ஆக இது தெரியாமல் செய்த கோணல் இல்லை. அது எனக்குப் புரிகிறது. ரசிக்கத்தான் வரவில்லை. காதை எங்கே நிறுத்தினாலும் அந்த இடம் நகர்ந்துவிடுகிறது.

ஏழு தடவை ஆகிவிட்டது. போன தடவை மூன்றாவது பாட்டில் ஒரு இடத்துக்காகக் காத்திருந்தேன், வந்தது. மிச்சம் ஐம்பது நிமிடம் இருக்கிறது.